“போட்டாச்சு” என்று சொன்னவர்கள்

2019 ஏப்ரல் 18, வியாழக்கிழமை. தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல். என் ஓட்டு காஞ்சிபுரத்தில், நான் இருந்தது சென்னையில். முந்தின ராத்திரி ஆபீஸில் ஒரு ரிலீஸ் சொதப்பி, விடியற்காலை நாலு மணிக்குத்தான் படுத்தேன். எழுந்தபோது மதியம் தாண்டிவிட்டது. 75 கிலோமீட்டர்தான். உடனே பஸ் பிடித்திருந்தால் ஆறு மணிக்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். போகவில்லை.

சில நாள் கழித்து ஒரு போன். ஏதோ சர்வே. “சார், இந்தத் தேர்தல்ல ஓட்டு போட்டீங்களா?” என்று கேட்டார் அந்தப் பெண். “போட்டாச்சும்மா” என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

போனை வைத்த பிறகுதான் உறுத்தியது. அவருக்கு என்னைத் தெரியாது. உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பொய் சொன்னதில் ஒரு லாபமும் இல்லை. அப்புறம் ஏன்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்ததைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். முக்கியமாக ஒரு விஷயம்: இந்தப் பொய் எல்லா சமூகத்திலும் ஒரே அளவில் நடப்பதில்லை. அதை எப்படிப் புரிந்துகொள்வது, எப்படித் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதுதான் விஷயம்.

முதலில் நம்ம ஊர்க் கதை

அண்ணா பிறந்த ஊர் காஞ்சிபுரம். 1957-ல் இங்கே நின்று சட்டமன்றத்துக்குப் போனார். 1962-ல் மறுபடி இங்கேயே நின்றார், காங்கிரஸ் வேட்பாளர் நடேச முதலியாரிடம் தோற்றார். ஆனால் நான் சின்னப் பையனாக இருந்தபோது என் தாத்தா வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் “அண்ணாவுக்குத்தான் போட்டேன்” என்பார்கள். ஒருத்தர்கூட நடேச முதலியாருக்குப் போட்டதாக நான் கேட்டதில்லை. அப்புறம் அண்ணா எப்படித் தோற்றார்?

அவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. 1967-ல் அண்ணா முதலமைச்சர் ஆனார். 1969-ல் இறந்தபோது ஊரே அழுதது. அதற்குப் பிறகு ஞாபகமே தன்னைத் திருத்திக்கொண்டிருக்கும். ஆக, சர்வேயில் தவறான பதிலுக்கு ரெண்டு ஊற்று இருக்கிறது. ஒன்று கூச்சம், இன்னொன்று ஞாபகம். என்னுடையது கூச்சம், தாத்தாக்களுடையது பெரும்பாலும் ஞாபகம்.

சரிபார்க்க ஆரம்பித்தவர்கள்

மக்கள் சொல்வதையும் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் 1949-ல் நடந்தது. வீட்டில் டெலிபோன் இருக்கிறதா, நூலக அட்டை இருக்கிறதா, ஓட்டு போட்டீர்களா, தர்ம நிதிக்குப் பணம் கொடுத்தீர்களா என்று கேட்டு, ஒவ்வொன்றையும் ஆவணத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். டெலிபோன் விஷயத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் உண்மையே சொன்னார்கள். தர்ம நிதி விஷயத்தில் சுமார் மூன்றில் ஒருவர் கொடுக்காததைக் கொடுத்ததாகச் சொன்னார். ஓட்டு இந்த ரெண்டுக்கும் நடுவில் இருந்தது. எந்தக் காரியம் “நல்ல மனுஷன் செய்யவேண்டியது” என்று ஊர் நினைக்கிறதோ, அதில்தான் பொய் அதிகம்.

அதன் பிறகு அமெரிக்காவின் தேசியத் தேர்தல் ஆய்வு 1964-ல் தொடங்கி 1990 வரை பல தேர்தல்களில் இதை முறையாகச் செய்தது. சர்வேயில் பதில் சொன்னவர் பெயரை எடுத்துக்கொண்டு, அந்தந்த ஊர்த் தேர்தல் அலுவலகத்துக்கு ஆள் போய், “இவர் நிஜமாகவே ஓட்டு போட்டாரா” என்று பதிவேட்டில் பார்த்தார்கள். யாருக்குப் போட்டார் என்பது ரகசியம். போட்டாரா இல்லையா என்பது அங்கே ரகசியம் இல்லை.

இதில் முதலில் தெரிந்தது எனக்கு நேராகவே உறைத்தது. ஓட்டு போடாதவர்களுக்குள் பார்த்தால், அதிகமாகப் பொய் சொல்பவர்கள் படித்தவர்கள்! சில்வர், ஆண்டர்சன், ஆப்ராம்சன் மூவரும் 1986-ல் இதை எழுதினார்கள். 2012-ல் அன்சோலபெஹேர், ஹெர்ஷ் இருவரும் கணினிமயமான வாக்காளர் பதிவுகளை வைத்துப் பெரிய அளவில் சோதித்தபோதும் இதேதான் வந்தது. பொய் சொல்பவர்கள் பார்ப்பதற்கு அசல் வாக்காளர் மாதிரியே இருப்பார்கள்: படிப்பு, வருமானம், அரசியல் ஆர்வம் எல்லாம் உண்டு, ஓட்டு மட்டும் போட்டிருக்க மாட்டார்கள். பி.இ. படித்த என்னைப் பார்த்து எழுதினமாதிரி இருந்தது.

இனவாரியாகப் பார்த்தபோது

1980-களில் ஆப்ராம்சனும் கிளாகெட்டும் அடுத்த படிக்குப் போனார்கள். வெள்ளையர், கறுப்பினத்தவர் என்று தனித்தனியாகப் பார்த்தால் என்ன வருகிறது? ஓட்டு போடாமலே போட்டதாகச் சொல்வது கறுப்பினத்தவரிடம் கூடுதலாக இருந்தது. விளைவு: சர்வேயை மட்டும் நம்பினால், ரெண்டு இனங்களுக்கும் வாக்குப்பதிவில் பெரிய வித்தியாசம் இல்லாத மாதிரி தெரியும். பதிவேட்டைப் பார்த்தால் இடைவெளி பெரிது.

இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, “பாத்தியா, அவங்க பொய் சொல்றாங்க” என்று யாராவது கிளம்பிவிட்டால்? கிளம்பலாம். அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கணும்.

ரெண்டு தெரு என்று வச்சுக்குவோம். இது முழுக்க என் கற்பனை எண்கள். ஒவ்வொரு தெருவிலும் 100 பேர். கிழக்குத் தெருவில் 80 பேர் போட்டார்கள், 20 பேர் போடவில்லை. மேற்குத் தெருவில் 60 பேர் போட்டார்கள், 40 பேர் போடவில்லை. போடாதவர்களில் ரெண்டு தெருவிலும் சரியாக 40 சதவீதம் பேர் பொய் சொல்கிறார்கள். அதாவது கிழக்கில் 8 பேர், மேற்கில் 16 பேர். சர்வே முடிவு: கிழக்கு 88, மேற்கு 76.

ரெண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, உண்மையான இடைவெளி 20. சர்வேயில் அது 12 ஆகச் சுருங்கிவிட்டது. நேர்மையில் ரெண்டு தெருவும் ஒன்றுதான், ஆனாலும் சுருங்குகிறது. ரெண்டு, மொத்த ஆட்களில் பார்த்தால் “மேற்குத் தெருக்காரர்கள் ரெண்டு மடங்கு பொய்யர்கள்” என்று ஒரு தலைப்புச் செய்தி போட்டுவிடலாம். அது அபாண்டம். ஓட்டு போட்டவன் “போட்டேன்” என்று பொய் சொல்லவே முடியாதே! பொய் சொல்லும் வாய்ப்பு இருப்பவன் போடாதவன் மட்டும்தான். வகுக்கவேண்டியது அந்த எண்ணால்.

அமெரிக்கத் தரவில் இப்படிச் சரியாக வகுத்த பிறகும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. அடுத்த சந்தேகம் பதிவேட்டின் மீது வந்தது. ஒருவேளை அவர் உண்மையைச் சொல்லி, அலுவலகத்தில் பதிவு தொலைந்திருந்தால்? நம்ம பாஷையில் சொன்னால், யூசர் சரி, லாக்தான் கோளாறு. இதையும் சோதித்தார்கள். கறுப்பினத்தவர் அதிகம் வாழும் பகுதிகளில் பதிவேடுகள் நிஜமாகவே மோசமாகத்தான் இருந்தன. அதையும் கழித்துப் பார்த்தார்கள். அப்போதும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அந்த மிச்சம் ஏன்? 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் ஓட்டு போடப் போனால் வேலை போகும், அடி விழும், உயிரும் போகும். அப்படி வாங்கின ஓட்டைப் “போடலை” என்று சொல்ல எப்படி வாய் வரும்? பெர்ன்ஸ்டீன், சாதா, மாண்ட்ஜாய் மூவரும் 2001-ல் இதைப் பொதுவான விதியாகவே வைத்தார்கள்: ஓட்டு போட்டே ஆகவேண்டும் என்ற அழுத்தம் யார்மீது அதிகமோ, அவர்கள்தான் போடாதபோது போட்டதாகச் சொல்கிறார்கள்.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி 1988-ல் வந்த ஒரு ஆய்வு. கேள்வி கேட்பவரும் கறுப்பினத்தவராக இருந்தால், போடாத கறுப்பினத்தவர் “போட்டேன்” என்று சொல்வது கூடியது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. தேர்தலுக்கு முன்பு கறுப்பினத்தவர் ஒருவர் வந்து பேட்டி எடுத்துப் போன வீடுகளில், நிஜமாகவே ஓட்டு போட்டவர்களும் கூடுதல்! பொய்யைச் சொல்ல வைத்த அதே கூச்சம் ஓட்டையும் போட வைத்திருக்கிறது. இதைப் படித்த பிறகு “எந்த இனம் அதிகப் பொய்” என்ற கேள்வியே எனக்குத் தப்பாகத் தெரிந்தது. அது இனத்தின் குணம் இல்லை. கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் நடுவில் என்ன உறவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அழுத்தம் திரும்பினால் பொய்யும் திரும்பும். 2005 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்குப்பதிவு 1.21 சதவீதம்தான். அன்று யாழ்ப்பாணத்தில் ஓட்டு போட்ட ஒருவர் வாசலில் வந்து கேட்கும் அந்நியரிடம் “ஓம், போட்டனான்” என்று சொல்வாரா? மறைத்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். அதே நாட்டில் வேறு மாவட்டத்தில் போடாத ஒருவர் போட்டதாகச் சொல்லியிருப்பார். ரெண்டையும் ஒரே அட்டவணையில் இனவாரியாகப் போட்டால் என்ன அர்த்தம் வரும்?

இந்தியாவில் என்ன நிலைமை

அமெரிக்காவின் தென் மாநிலங்கள் சிலவற்றில் வாக்காளர் பதிவிலேயே இனம் இருக்கிறது. ஜார்ஜியா, வட கரோலினா, லூசியானா எல்லாம் அப்படி. அங்கே யாரையும் கேட்காமலே இனவாரி வாக்குப்பதிவை எண்ணிவிடலாம். நம்ம வாக்காளர் பட்டியலில் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். அவ்வளவுதான். சாதியும் மதமும் கிடையாது, இருக்கவும் கூடாது என்பது என் கருத்து. தேர்தல் ஆணையம் ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்றுதான் பிரித்துக் கொடுக்கும்.

அப்படியென்றால் டிவியில் “தலித் வாக்குப்பதிவு இவ்வளவு, முஸ்லிம் வாக்குப்பதிவு இவ்வளவு” என்று வருவதெல்லாம் எங்கிருந்து? நேராகவோ சுற்றிவளைத்தோ சர்வேயிலிருந்துதான். இதில் மதிப்பான வேலை செய்வது லோக்நீதி அமைப்பு. வாக்காளர் பட்டியலிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து, நேரில் வீட்டுக்குப் போய்க் கேட்கிறார்கள். யாருக்கு ஓட்டு என்பதற்கு மாதிரி வாக்குச்சீட்டு கொடுத்து ஒரு பெட்டியில் போடச் சொல்கிறார்கள். கூச்சத்தைக் குறைக்க நல்ல ஏற்பாடு. ஆனால் “போட்டீங்களா” என்ற கேள்விக்கு அந்தப் பெட்டி உதவாது. அதை வாயால்தான் சொல்லணும்.

1990-களில் யோகேந்திர யாதவ் இந்தத் தரவை வைத்துத்தான் இந்தியாவில் ஏழைகளும் தலித்துகளும் வசதியானவர்களைவிடக் குறையாமல் ஓட்டு போடுகிறார்கள் என்று காட்டினார். உலகத்தில் பல நாடுகளுக்கு நேர்மாறான விஷயம் இது. சொன்னதை நம்பித்தானே கண்டுபிடித்தார், அது மட்டும் எப்படி நிற்கும் என்று கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. அதனால் யாரையும் கேட்காத எண்களைப் பார்த்தேன். 2024-ல் தமிழ்நாட்டில் அதிகபட்சம் தர்மபுரி, 81 சதவீதம். குறைந்தபட்சம் மத்திய சென்னை, 54 சதவீதம். மாநில சராசரி 69.72. தொகுதி எண் தனிமனிதர் செய்ததைச் சொல்லாது, அந்த எச்சரிக்கை வேண்டும். ஆனாலும் வசதியான நகரம் பின்தங்குகிறது என்ற திசை பொய்யில்லை.

இன்னொரு சிக்கல், வகுக்கும் எண்ணே தப்பாக இருப்பது. சர்வேயில் 85 சதவீதம் “போட்டோம்” என்கிறார்கள், ஆணையம் 70 என்கிறது என்று வச்சுக்குவோம். 15 பேர் பொய்யா? பட்டியலில் இருக்கும் 100 பெயரில் 10 பேர் இறந்தவர்கள், ஊர் மாறியவர்கள், ரெண்டு இடத்தில் இருப்பவர்கள் என்றால், நிஜ ஆட்கள் 90. 90-ல் 70 என்பது சுமார் 78 சதவீதம். பொய்யின் அளவு பாதியாகிவிட்டது. இது வெறும் கற்பனை இல்லை. தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு 2025 டிசம்பரில் வந்த தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. 6.41 கோடி 5.43 கோடியானது. அந்த நீக்கங்கள் எல்லாம் சரிதானா என்பது தனி விவாதம். ஆனால் வாடகை வீட்டுக்காரர்கள், வேலைக்காக ஊர் மாறுபவர்கள் அதிகமுள்ள சமூகங்களில் இந்தக் கோளாறு அதிகமிருக்கும். அவர்களுடைய வாக்குப்பதிவு இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும், அவர்கள் சொல்லும் பதில் இருப்பதைவிடப் பெரிய பொய்யாகத் தெரியும்.

விரலில் இருக்கும் சாட்சி

அமெரிக்காவில் இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. இடது ஆள்காட்டி விரலில் வைக்கிற மை. மைசூர் பெயிண்ட்ஸ் நிறுவனம் தயாரிப்பது. அதில் இருக்கும் வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டு, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். நகத்தின் ஓரத்தில் வாரக்கணக்கில் நிற்கும். நாடாளுமன்றத் தேர்தலில் அது வந்தது 1962-ல், அண்ணா தோற்ற அதே தேர்தலில். தேர்தல் முடிந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் நேரில் போகும் சர்வேக்காரர் பதிவேட்டைத் தேடவே வேண்டாம், விரலைப் பார்த்தால் போதும். ஆனால் இப்போது நிறைய சர்வே போனில் நடக்கிறது. போனில் விரல் தெரியாது. என் பொய் தப்பித்ததும் அப்படித்தான்.

2024 தேர்தல் முடிந்து சில நாளில் பிள்ளையார்பாளையத்தில் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் வந்தார். “அம்மா, எலெக்‌ஷன்ல ஓட்டு போட்டீங்களா?” வீட்டு அம்மா பாவு நூலைச் சரிசெய்துகொண்டே, “போட்டோம்மா, வீட்ல எல்லாரும் போட்டாச்சு” என்றார். அவர் விரலில் மை இல்லை. வந்த பெண் கவனிக்கவில்லை, டிக் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு அந்த அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “ஏம்ப்பா, இல்லன்னு சொல்லியிருந்தா ஆயிரம் ரூபாய நிறுத்திடுவாங்களா?” மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15-ல் இதே காஞ்சிபுரத்தில்தான் தொடங்கி வைத்தார்கள். அதற்கு முன் வீட்டுக்கு வீடு வந்து விசாரித்தவர்கள் கையிலும் ஏதோ ஒரு கருவி இருந்தது. அவருக்கு ரெண்டும் ஒன்றுதான். சர்வே என்பது அரசாங்கம் வேவு பார்ப்பது. நிறுத்த மாட்டார்கள் என்று சொன்னேன். அப்புறம்தான் சொன்னார்: மாமியாருக்கு உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாராம். மகன் ஒரகடத்தில் கம்பெனி வேலை, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிவிட்டானாம். சாயப் பட்டறைக்குப் போகும் கணவர் மட்டும் போட்டிருக்கிறார். சிவப்பும் நீலமும் ஏறின அவர் விரலில் எது சாயம் எது மை என்று பிரிக்கவே கொஞ்ச நேரம் ஆகும்!

அந்த டிக் போய்ச் சேர்ந்த அட்டவணையில் அந்த வீடு “மூன்றுக்கு மூன்று”. அந்த அம்மாவின் சமூகம் எதுவோ, அந்த வரிசையில் மூன்று. ஆஸ்பத்திரியும் ராத்திரி ஷிஃப்டும் எந்த வரிசையிலும் இல்லை.

எனக்கு இதில் பெரிய இழப்பாகத் தெரிவது இதுதான். போட முடியாதவர்களைப் போட்டவர்களாக எழுதிவிட்டால், அவர்களை எது தடுத்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. “அந்தத் தெருவுல எல்லாரும் போடுறாங்களே, அங்க என்ன குறை?” அமெரிக்காவில் சர்வே இடைவெளியைச் சுருக்கிக் காட்டியபோது மறைந்ததும் அதேதான். போடாத கறுப்பினத்தவரும், அவர்களைத் தடுத்த காரணங்களும்.

எப்படிக் கேட்கலாம், எப்படிப் படிக்கலாம்

கேட்கும் விதத்தை மாற்றினால் கொஞ்சம் பலன் உண்டு. 1999-ல் பெல்லி குழுவினர் “ஆம்”, “இல்லை” என்ற ரெண்டுக்குப் பதிலாக நாலு பதில் கொடுத்துப் பார்த்தார்கள்: போடவில்லை. போட நினைத்தேன், ஆனால் போடவில்லை. வழக்கமாகப் போடுவேன், இந்தமுறை போடவில்லை. நிச்சயமாகப் போட்டேன். முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி கிடைத்ததும் நிறைய பேர் உண்மையைச் சொன்னார்கள். 2010-ல் ஹோல்ப்ரூக், க்ராஸ்னிக் இருவரும் இன்னொரு வழியைச் சோதித்தார்கள். நாலைந்து விஷயங்களைப் பட்டியலாகக் கொடுத்து, “இதில் எத்தனை செய்தீர்கள், எண்ணிக்கை மட்டும் சொல்லுங்கள்” என்று கேட்பது. போனில் கேட்டபோது ஓட்டு போட்டதாகச் சொல்வது குறைந்தது. மனிதக் குரலே இல்லாத இணைய சர்வேயில் அவ்வளவு மாற்றம் இல்லை. கூச்சம் இன்னொரு மனிதர் முன்னால்தான் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

இனி சமூகவாரி வாக்குப்பதிவு எண் எதைப் பார்த்தாலும் நான் நாலு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். எண்ணியதா, சொல்லியதா? வகுத்த எண் எது, பட்டியலில் உள்ள பெயரா, இருக்கிற ஆளா, போடாதவர்கள் மட்டுமா? கேட்டவர் யார், கேட்கப்பட்டவர் அவரை யார் என்று நினைத்தார்? அந்தச் சமூகத்தில் “போடலை” என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்? நாலுக்கும் பதில் இல்லாவிட்டால், ரெண்டு சமூகங்களுக்கு நடுவில் நாலைந்து சதவீத வித்தியாசத்தை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

2019-ல் எனக்கு அந்த நாலு பதில் கிடைத்திருந்தால், மூன்றாவதைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். வழக்கமாகப் போடுவேன், இந்தமுறை போடவில்லை. அதற்குப் பிறகு வந்த தேர்தல்களில் முந்தின நாளே காஞ்சிபுரம் போய்விடுகிறேன்.